பயிர்க்காவற் துவக்கின் குறிதூரம்

நெற்கதிர் பால்பிடிக்கும் நாட்களிற் கமக்காரனுக்கு நித்திரை இல்லை. உழுது, விதைத்து, பசளையிட்டு, களைபிடுங்கி, மூன்று மாதம் காத்த பயிரை ஒரே இரவில் உழக்கிவிட்டுப் போவதற்குக் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒன்று போதும். மரவள்ளி, வற்றாளை, கச்சான், சோளன் ஆகிய மேட்டுநிலப் பயிர்களுக்கும் இதுவே கதி. ஆதலால் காட்டோரத்திற் பயிர் செய்வோருட் சிலர் அனுமதிப்பத்திரம் பெற்று 12 போர் துவக்கொன்றை வைத்திருக்கின்றனர்.

ஆனால் அத்துவக்கு எவ்வளவு தூரத்திற்குப் பயன்படும் என்று வினவினால், ஒருவர் நாற்பது யார் என்பர். மற்றொருவர் அறுபது என்பர். வேறொருவர் நூறு என்றுஞ் சொல்வர். அளந்து பார்த்துச் சொல்பவர் மிகச் சிலரே. மண்வெட்டியின் கூர், கலப்பையின் ஆழம், விதையின் முளைதிறன் ஆகியவற்றைச் சோதித்தறியும் நாம், உயிரைக் கொல்லவல்ல கருவி ஒன்றைமட்டும் சோதியாது கையில் எடுப்பது முறையன்று. ஒவ்வொரு துவக்கிற்கும் உரிய குறிதூரத்தை எவ்வாறு கண்டறிவது, கண்டறிந்த பின் எவ்வாறு பயன்படுத்துவது என்பவற்றை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

1. ஒரு வயலிற் கண்டது

சென்ற மாரிப்போகத்தில் என் பிரிவிலுள்ள குளமொன்றின் கீழ் வயல் செய்யும் முதிய கமக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். "தம்பி, நேற்றிரவு பன்றிக்கு வெடி வைத்தேன். பட்டது. இரத்தமும் கண்டேன். ஆனால் பன்றியைக் காணவில்லை. துவக்குப் பழுதோ என்று பார்க்கவேண்டும்" என்றார். அத்துவக்கு அவருடைய தகப்பனார் காலத்தது, ஒற்றைக் குழல். அறுபது யாருக்குத் தப்பாமற் பிடிக்கும் என்பது அவர் நம்பிக்கை.

இருவரும் வயலுக்குச் சென்றோம். அவர் நின்ற வரம்பையும் பன்றி நின்ற இடத்தையும் காட்டினார். "எவ்வளவு தூரம் இருக்கும்?" என்று கேட்டேன். "முப்பது யார்" என்றார். என் கண்ணுக்கு நாற்பதாகத் தோன்றியது. கயிறு கொண்டு அளந்தபோது 58 யார் இருந்தது. அவர் கணிப்பும் பிழை. என் கணிப்பும் பிழை.

அதே நேர்க்கோட்டில் அப்பால் நடந்தோம். வரம்பிலிருந்து 140 யாரில் அயல் வயற்காரருடைய காவற்கொட்டில் இருந்தது. அதன் முன்காலில், நிலத்திலிருந்து முழங்கால் உயரத்தில், ஒரு சன்னம் பதிந்திருந்தது. அன்றிரவு அக்கொட்டிலில் அயலவரின் பிள்ளைகள் இருவர் பாய் விரித்துப் படுத்திருந்தனர். முழங்கால் உயரமென்பது படுத்திருப்பவனின் தலைக்குச் சற்று மேல். முதியவர் அச்சன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பின்பு வரம்பில் அமர்ந்துவிட்டார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

துவக்கிற் பழுது எதுவும் இல்லை. தூரத்திலேதான் பழுது. அன்று மாலை அவர் துவக்கைச் சோதித்த முறையையே கீழே கூறுகின்றேன்.

2. றைபிளும் சன்னத் துவக்கும் வெவ்வேறு

குறிதூரம் என்னுஞ் சொல் றைபிள் வைத்திருப்போரிடமிருந்து வந்தது. றைபிளிலிருந்து ஒரே குண்டு புறப்படுகின்றது. குழலின் மேலே ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் உயரத்திற் பார்வைக்குறி அமைந்திருக்கும். சுடுபவனின் பார்வை நேர்க்கோடாகச் செல்கின்றது. குண்டோ குழலை விட்டதும் பூமியின் ஈர்ப்பால் விழத் தொடங்குகின்றது. ஆகையாற் குழலைச் சிறிது மேல்நோக்கியிருக்கப் பார்வைக்குறியைத் திருத்துவர். குண்டு கீழிருந்து ஏறிப் பார்வைக்கோட்டை ஒருமுறை வெட்டி, மேலே சென்று, வளைந்து இறங்கி, மறுமுறை வெட்டும். பார்வையும் குண்டும் ஒன்றுசேருமாறு திருத்திய அந்தத் தூரமே றைபிளின் குறிதூரம்.

அதனைத் தெரிவு செய்வது வேட்டையின் தன்மையைப் பொறுத்தது. சிறிய 0.22 அங்குல றைபிளை 50 யாருக்குத் திருத்துவது வழக்கம். அவ்வாறு திருத்தியதை 100 யாரிற் சுட்டால், குண்டு ஏறக்குறைய 6 அங்குலம் தாழ்ந்து படும். பரந்த வெளிகளில் மான் இனங்களை வேட்டையாடும் நாடுகளில் 0.308 போன்ற பெரிய றைபிளை 200 யாருக்குத் திருத்துவர். அது 100 யாரில் ஏறக்குறைய 2 அங்குலம் உயர்ந்தும், 300 யாரில் 8 அங்குலம் அளவிற் தாழ்ந்தும் படும். அடர்ந்த காட்டில் 50 யாருக்கு அப்பால் விலங்கைக் காணவே முடியாத இடத்தில், அதே றைபிளை அவ்வளவு தூரத்திற்குத் திருத்துவதாற் பயனில்லை. குண்டு எட்டும் தூரம் வேறு; சுடவேண்டிய தூரம் வேறு. நெடுந்தூரத்தை விரும்பித் திருத்துபவனல்லன், தான் பெரும்பாலும் சுடுகின்ற தூரத்தை அறிந்து அதற்கேற்பத் திருத்துபவனே அறிவுள்ளவன்.

நம் கமக்காரர் கையிலுள்ள 12 போர் துவக்கு றைபிளன்று. பார்வைக்குறியைத் திருகித் தூரத்தைக் கூட்டவோ குறைக்கவோ அதில் இடமில்லை. அதிலிருந்து ஒரே குண்டன்றிப் பல சன்னங்கள் புறப்படுகின்றன. அவை செல்லச்செல்ல விரிந்து பரவுகின்றன. ஆதலால் அதன் குறிதூரம் என்பது, விரியும் சன்னங்கள் போதிய நெருக்கமாய்ப் படுகின்ற கடைசித் தூரமாகும். றைபிள்காரர் இருநூறு யார் என்று பேசுவதைக் கேட்டு, நம் துவக்கு நூறாவது பிடிக்காதா என்று எண்ணுவது பெருந்தவறு.

3. சன்னம் பரவும் கணக்கு

பன்றிக்குப் பயன்படுத்துவது எஸ்.ஜி. தோட்டா. எஸ்.ஜி. சன்னம் அவுன்சுக்கு எட்டு நிற்கும். 1⅛ அவுன்ஸ் தோட்டாவில் ஒன்பது இருக்கும். சிறு சன்னங்கள் இவ்வாறல்ல: 4ஆம் இலக்கச் சன்னம் அவுன்சுக்கு 170 நிற்கும். ஆனால் அது பறவைக்கு உரியது. பன்றியின் தடித்த தோலிலும் கொழுப்பிலும் அடங்கி, அதனைக் கொல்லாமற் புண்படுத்தும்.

நுனி ஒடுங்காத நேர்க்குழலிலிருந்து புறப்படும் எஸ்.ஜி. சன்னங்கள், ஒரு யார் தூரத்துக்கு ஓர் அங்குலம் வீதம் விரியும் என்பது பொதுவிதி. பத்து யாரிற் பத்து அங்குல அகலம். நாற்பது யாரில் நாற்பது அங்குல அகலம். பன்றியின் நெஞ்சில் இருதயமும் சுவாசப்பையும் அடங்கிய பகுதி ஏறக்குறைய 8 அங்குலக் குறுக்களவுடையது. அது முன்காலுக்கு நேரே மேலே, உடலின் கீழ்ப்பாதியில் உள்ளது. அப்பகுதியிற் பட்டாலே விலங்கு விரைவில் விழும். ஒன்பது சன்னமும் சீராகப் பரவுமெனக் கொண்டால், அந்த 8 அங்குல வட்டத்துள் விழக்கூடியவை பின்வருமாறு:

15 யாரில் — இரண்டு அல்லது மூன்று.
20 யாரில் — ஒன்று அல்லது இரண்டு.
30 யாரில் — மூன்று வெடிக்கு இரண்டு.
40 யாரில் — மூன்று வெடிக்கு ஒன்று.
60 யாரில் — ஆறு வெடிக்கு ஒன்று.

உண்மையிற் சன்னங்கள் நடுவிற் சற்று நெருங்கி விழுவதாற் கிட்டிய தூரங்களில் இக்கணக்கிலும் நன்றாகவே இருக்கும். ஆயினும் அறுபது யாரிற் சுடுபவன் ஆறு தோட்டாவைச் செலவிட்டு ஒரு சன்னத்தை மட்டும் நெஞ்சில் எதிர்பார்க்கலாம் என்பது விளங்கும். மற்றச் சன்னங்களுட் சில வயிற்றிலும் காலிலும் படும். எஞ்சியவை அப்பாற் போகும்.

குழலின் நுனி ஒடுங்கியிருப்பின் பரவல் குறையும். சிறு சன்னத்தை 40 யாரிற் சுட்டு, 30 அங்குல வட்டத்துள் நூற்றுக்கு எத்தனை விழுகின்றன எனக் கணக்கிடுவது உலக வழக்கு. நேர்க்குழலுக்கு ஏறக்குறைய 40, அரை ஒடுக்கத்துக்கு 60, முழு ஒடுக்கத்துக்கு 70 என்பர். எஸ்.ஜி. போன்ற பெருஞ்சன்னம் இவ்விதிக்கு எப்போதும் அடங்குவதில்லை. ஒரே தொழிற்சாலையிற் செய்த இரு துவக்குகளும் வெவ்வேறாகப் பரப்பும். ஆகவே நூற்கணக்கை நம்பாது, உங்கள் துவக்கை நீங்களே சோதித்தல் வேண்டும்.

4. சோதிக்கும் முறை

பகல் வெளிச்சத்தில், காற்றுக் குறைந்த வேளையிற் சோதிக்க. முன்கூட்டியே கிராம உத்தியோகத்தருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் அறிவித்து, அவர்கள் ஒப்பும் இடத்தில் மட்டும் செய்க. இலக்கின் பின்னே ஆளுயரத்திலும் கூடிய மண்மேடு இருத்தல் வேண்டும். கல், மரம், நீர் ஆகியவற்றைப் பின்னணியாகக் கொள்ளலாகாது.

(அ) பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டி நான்கடிச் சதுரமாக்கிச் சாக்கிற் தைத்து, இரு கம்புகளுக்கிடையே கட்டுக. நடுவில் 8 அங்குலக் குறுக்களவுள்ள வட்டம் வரைக.

(ஆ) கயிற்றினால் 20 யார், அதாவது 60 அடி, அளந்து தடி நடுக. காலடியால் அளக்கற்க; சேற்றிலும் வரம்பிலும் காலடி மாறும்.

(இ) வரப்பிற் சாக்கு மணல்மூட்டை வைத்து அதன்மேற் துவக்கைத் தாங்கி, வட்டத்தின் நடுவை நோக்கிச் சுடுக. இரவில் எந்தத் தோட்டாவைப் பயன்படுத்துவீர்களோ அதே தோட்டாவையே பயன்படுத்துக.

(ஈ) மூன்று தாள்களில் மூன்று வெடி வைக்க. மூன்றிலும் வட்டத்துள் மூன்று சன்னத்துக்குக் குறையாது விழுந்தால் அத்தூரம் தேறியது. 25 யாரிற் சோதிக்க. ஒரு தாளிலேனும் மூன்றுக்குக் குறைந்தால் 15 யாருக்கு வருக.

(உ) தேறிய கடைசித் தூரமே உங்கள் துவக்கின் குறிதூரம். அதனைத் துவக்கின் கட்டையில் வர்ணத்தால் எழுதி வைக்க.

சன்னக்கூட்டத்தின் நடு, வட்டத்தின் நடுவிலிருந்து இடமோ வலமோ விலகி மூன்று தாளிலும் ஒரேவிதமாய் விழுமாயின், அத்துவக்கு அப்பக்கம் இழுக்கின்றது என அறிக. விலகிய அளவிற்கு எதிர்ப்பக்கம் பார்த்துச் சுடலாம். குழலைத் தட்டி நிமிர்த்த முயலுதல் உயிராபத்து.

ஆறு தோட்டா இதற்குச் செலவாகும். தோட்டாவின் விலையை நோக்கிச் சிலர் தயங்குவர். தெரியாத தூரத்திற்கு ஒரு போகத்தில் வீணே வைக்கும் வெடிகளை எண்ணிப் பார்த்தால் இச்செலவு பெரிதன்று.

முதியவரின் துவக்கு 20 யாரில் முதல் தாளிலேயே இரண்டு சன்னம் மட்டும் வைத்தது. 15 யாரில் நான்கு, மூன்று, மூன்று வைத்தது. எஞ்சிய ஒரு தோட்டாவை அவர் வேண்டுகோட்படி 60 யாரிற் சுட்டோம். நான்கடித் தாள் முழுவதிலும் ஐந்து துளைகள், வட்டத்துள் ஒன்றுமில்லை. "அறுபது என்று இருந்தேன், பதினைந்துதானா!" என்றார். "அப்படியானால் இத்துவக்கை வைத்து என்ன செய்வது?" என்பதே அவருடைய அடுத்த கேள்வி.

5. துவக்கை நீட்ட முடியாது, பரணை நகர்த்தலாம்

குறிதூரம் குறுகியது என்று கவலைப்பட வேண்டியதில்லை. பன்றி நாள்தோறும் புதுவழி தேடுவதன்று. காட்டோரத்திலிருந்து வயலுக்குள் இறங்கும் வழியை அதன் அடிச்சுவடும், வேலியடியிற் படிந்த சேறும், மரத்தில் உடல் உரைஞ்சிய அடையாளமும் காட்டும். அவ்வழிக்கு அண்மையிற் பரணை அமைத்தல் வேண்டும். வயலின் நடுவே வசதியான மரத்திற் பரண் கட்டி, பன்றியைத் தூரத்திற் கண்டு சுடுவதாலேயே இடர் விளைகின்றது.

பன்றியின் கண் கூர்மையற்றது. மூக்கு மிகக் கூர்மையானது. ஆகவே அது வரும் வழிக்குக் காற்றுப் போகும் பக்கத்திற் பரண் இருத்தல் வேண்டும். மாரியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசுவதால் வழிக்குத் தென்மேற்கே கட்டுக. சிறுபோகத்திற் சோளகம் வீசுவதால் வடகிழக்கே கட்டுக. பரணிற் சுருட்டுப் புகைத்தல் ஆகாது.

பரணின் அடியிலிருந்து குறிதூரத்தைக் கயிற்றால் அளந்து, சுற்றிலும் ஆறேழு இடங்களில் இரண்டடி உயரமான தடிகளை நட்டு, நுனிக்குச் சுண்ணாம்பு பூசுக. மின்சூள் வெளிச்சத்தில் அவை வெள்ளையாய்த் தெரியும். இரவிற் கண் தூரத்தை அறியாது, தடி அறியும். தடிக்கு உட்புறம் வந்த பன்றியை மட்டும் சுடுக. வெளிப்புறம் நிற்பதைச் சத்தமிட்டு ஓட்டுக.

6. குறிதூரத்துக்கு அப்பால்

கொல்ல இயலாத தூரத்திற் சன்னம் தீங்கற்றதாகிவிடும் என்று எண்ணற்க. சன்னத்தின் குறுக்களவை அங்குலத்திற் கொண்டு 2200ஆற் பெருக்கினால், அது யார் அளவிற் செல்லக்கூடிய கடைசித் தூரம் ஏறக்குறைய வரும் என்பது பிரெஞ்சுப் படைத்தலைவர் ஜுர்னே கண்ட விதி. எஸ்.ஜி. சன்னத்தின் குறுக்களவு 0.33 அங்குலம், ஆகவே ஏறக்குறைய 700 யாருக்குச் செல்லவல்லது. 0.22 றைபிளின் சிறு குண்டு ஒரு மைலுக்கு மேற் செல்லும். பன்றிக்குப் பயன்படும் தூரம் 15 யார். மனிதனுக்கு ஆபத்தான தூரம் 700 யார். இவ்விரண்டுக்கும் இடையில் யாருடைய கொட்டில் உள்ளதென்பதைப் பகலிலேயே பார்த்து வைத்தல் வேண்டும்.

உயரத்தின் பயனையும் இங்கு அறிக. வரம்பில் நிற்பவன் துவக்கை ஐந்தடி உயரத்திற் பிடித்து, 60 யாருக்கு அப்பால் நிற்கும் பன்றியின் இரண்டடி உயரத்தைக் குறிபார்க்கின்றான். அங்கே சன்னங்கள் ஐந்தடி அகலம் விரிந்திருக்கும். மேலோரத்துச் சன்னம் நாலரை அடி உயரத்தில், ஏறக்குறையச் சமதளமாய், பன்றியின் முதுகுக்கு மேலாற் போகும். நிறுத்த எதுவும் இல்லை. பன்னிரண்டடி உயரப் பரணிலிருந்து 15 யாரிற் சுடுபவனின் மேலோரத்துச் சன்னமோ 19 யாருக்குள் நிலத்திற் பாயும். நகர்த்திய பரணும் குறுகிய தூரமும் பயிரை மட்டுமன்று, அயலவனையும் காக்கின்றன.

நீர் நிறைந்த வயலிற் சரிவாகப் படும் சன்னம் தட்டையான கல்லைப்போல் நீரிற் துள்ளி மேலெழும். ஆகையால் நீர் நிற்கும் வயலிற் தாழ்ந்து நின்று சுடுதல் கூடாது. இரு கண்கள் மின்னுவதை மட்டும் கண்டு சுடுதலும் கூடாது. அயலவரின் கன்றுக்கும் நாய்க்கும் கண் மின்னும். உடல் முழுவதையும் கண்டு, இன்னதென்று அறிந்த பின்பே விரல் விசைக்குச் செல்லவேண்டும்.

காயப்பட்ட பன்றியை இரவிற் பின்தொடரற்க. பற்றையுட் கிடக்கும் காயப்பட்ட பன்றி மனிதன் அண்மித்ததும் பாயும். அதன் கொம்புப்பல் தொடையைக் கிழிக்கும். விடிந்த பின் பலராகச் செல்க.

7. சட்டமும் கட்டுத்துவக்கும்

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச்சட்டப்படி அனுமதிப்பத்திரம் இன்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றம். அப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். யானை, சிறுத்தை, மரை, புள்ளிமான் ஆகியவை 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தாற் காக்கப்படுபவை. வேறு விலங்குகளைப் பற்றி ஐயமிருப்பின், சுடுமுன் வனசீவராசிகள் அலுவலகத்திற் கேட்டறிக.

பன்றி வரும் வழியிற் கம்பி இழுத்துக் கட்டுத்துவக்கு வைப்போர் இன்றும் உளர். குறிதூரம், பின்னணி, இலக்கு என இதுவரை கூறிய அனைத்தும் கண்ணுள்ள மனிதன் ஆராய்ந்து செய்யவேண்டியவை. கட்டுத்துவக்குக்குக் கண்ணில்லை. விடியற்காலையில் நீர் பார்க்க வருபவனும், விறகு பொறுக்கும் பெண்ணும், மாடு தேடும் சிறுவனும் அதற்கு ஒன்றே. வைத்தவனே மறந்து கால் இழந்ததும் உண்டு. சட்டம் அதனை முற்றாகத் தடுக்கின்றது; மனச்சாட்சியும் தடுத்தல் வேண்டும்.

துவக்கு முதல் மருந்தன்று என்பதையும் நினைவிற் கொள்க. காட்டோரப் பற்றையை வெட்டித் துப்புரவாக்குதல், வேலியை அடியிலிருந்து இறுக்கமாய்க் கட்டுதல், பயிர்ச்செய்கைக் கூட்டத்திற் தீர்மானித்த நாளில் அனைவரும் ஒருங்கே விதைத்தல், முறைவைத்துக் காவல் காத்தல் ஆகியவற்றைச் செய்த பின்னரே துவக்குக்கு வேலை வரவேண்டும். ஒருங்கே விதைத்த வெளி ஒருங்கே விளையும். காவல் நாட்களும் குறையும்.

8. நினைவிற் கொள்ள வேண்டியவை

துவக்கின் குறிதூரத்தைத் தாளிற் சுட்டு அறிக, கேள்விப்பட்டதை நம்பற்க.
அத்தூரத்தைக் கயிற்றால் அளந்து, சுண்ணாம்புத் தடி நடுக.
தடிக்கு வெளியே சுடற்க.
பின்னணியைப் பகலிற் பார்த்து வைக்க.
விலங்கை முழுமையாய்க் காணாது சுடற்க.
பரணில் ஏறும்போதும் இறங்கும்போதும் தோட்டாவைக் கழற்றுக. குழலிற் சேறு புகுந்துள்ளதா எனப் பார்க்க.
கட்டுத்துவக்கு வையாதீர், வைப்போரைத் தடுங்கள்.

முதியவர் தம் பரணை வேலியோரப் பன்றி வழிக்கு மாற்றினார். அறுவடையின் பின் அவரைக் கண்டபோது விசாரித்தேன். அப்போகம் முழுவதும் மூன்றே வெடி வைத்ததாகவும், இரண்டு பன்றி வீழ்ந்ததாகவும், தடிக்கு வெளியே நின்றவற்றைத் தகரம் தட்டி ஓட்டியதாகவும் கூறினார். பயிரிற் சிறிது சேதம் இருக்கவே செய்தது. அதனை அவர் மறைக்கவில்லை. "ஆனால் தம்பி, இப்போது வெடி வைத்த பின் எனக்கு நித்திரை வருகிறது" என்றார்.

துவக்குச் சோதனை பற்றியோ, பரண் அமைப்பது பற்றியோ மேலும் அறிய விரும்புவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக. விதைப்பு முடிந்து, கதிர் வருமுன் உள்ள நாட்களே இவ்வேலைக்கு ஏற்ற காலம்.